வெளியூரில் பைக் பஞ்சரானால்: ஓரம் கட்டுவதிலிருந்து மறுபடி கிளம்புவது வரை

போன சித்திரையில் நானும் என் மனைவியும் திருநெல்வேலியிலிருந்து ராமேசுவரத்துக்குப் பைக்கில் கிளம்பினோம். தூத்துக்குடி போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை. வேம்பாரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டியின் பின்பக்கம் அலையத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் பின் டயர் தரையோடு சப்பிக் கிடந்தது. மணி பதினொன்றரை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலக் காடு, நடுநடுவே பனை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கடை இல்லை.

அன்று ராமேசுவரம் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டரை. ஒரே முள்ளால் இரண்டு முறை பஞ்சர், ஒரு டியூப் வீண், 1,180 ரூபாய் செலவு. விஷயம் தெரிந்திருந்தால் ஒன்றரை மணி நேரத்தில், இருநூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும். அன்று தெரியாமல் போனதையும் அதற்குப் பிறகு பஞ்சர் கடைக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். முதல் முறையாக நீண்ட தூரம் பைக்கில் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

1. கிளம்புவதற்கு முந்தின நாள்

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது டியூப் டயரா, உள்ளே தனியாக டியூப் இல்லாத டியூப்லெஸ்ஸா என்று தெரிந்துகொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். கம்பிச் சக்கரம் என்றால் பெரும்பாலும் டியூப்தான். அலாய் சக்கரத்தில் இரண்டுமே உண்டு. டயரில் டியூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும் சிலர் உள்ளே டியூப் போட்டு வைத்திருப்பார்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. இது தெரியாமல் போனில் யாரிடம் உதவி கேட்டாலும் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அதே பக்கவாட்டில் டயரின் அளவும் இருக்கும். என் வண்டிக்கு 2.75-18. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் தயாரான டயர். ஐந்தாறு வருடம் ஓடிய, பட்டை தேய்ந்த டயரோடு முள்காட்டு வழியே போகாதீர்கள்.

காகிதங்கள்: ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். 2018 முதல் டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் காட்டுவதும் செல்லும். ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் செயலி திறக்காமல் போகலாம், அதனால் ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டுக்கும் நகல் எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு சீட்டுக்கு அடியில் வையுங்கள். நண்பருடைய வண்டி என்றால் அவருடைய போன் நம்பரைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியை எங்காவது ஏற்றி அனுப்ப வேண்டி வந்தால் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இன்சூரன்ஸில் இரண்டு விஷயம் பாருங்கள். சாதாரண பாலிசியில் டயருக்கும் டியூபுக்கும் தனியாக ஏற்படும் சேதத்துக்குப் பணம் வராது. விபத்தில் வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான், அதுவும் புது டயர் விலையில் பாதி. ஆகவே பஞ்சர் செலவு முழுக்க உங்கள் கைக்காசு. இரண்டாவது, சாலையோர உதவி என்று கூடுதலாக ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். அது இருந்தால் ஆள் அனுப்புவார்கள், அல்லது வண்டியைப் பக்கத்துக் கடைக்கு ஏற்றிப்போவார்கள். எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்பது ஒவ்வொரு பாலிசியிலும் வேறுபடும். அந்த வரியைத் தேடிப் படித்து, அவர்களுடைய நம்பரையும் பாலிசி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் இந்த உதவி வழக்கமாக இருக்காது.

பையில் வைக்க வேண்டியவை: டியூப் வண்டி என்றால் அளவுக்கேற்ற ஒரு புது டியூப், ஆக்ஸில் (சக்கரத்தின் அச்சு) நட்டுக்குச் சரியான ஸ்பேனர், வண்டியோடு வந்த டூல் கிட், ஒரு கைத்துண்டு, பழைய பனியன் துணி. டியூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட்டும், சிறிய காற்று பம்ப்பும். பேட்டரியில் ஓடும் பம்ப் இரண்டாயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. கால் பம்ப் அதில் பாதிக்கும் குறைவு, சார்ஜும் வேண்டாம். சில்லறையாக ஐந்நூறு ரூபாயாவது ரொக்கம் வைத்திருங்கள். சிக்னல் இல்லாவிட்டால் யூ.பி.ஐ. வேலை செய்யாது.

2. அலையும் அந்த நொடி

பின் டயரில் காற்று போனால் வண்டியின் வால் ஆடும். முன் டயர் என்றால் ஹேண்டில் கனத்து, நீங்கள் திருப்பாமலேயே ஒரு பக்கம் இழுக்கும். முன் டயர்தான் அதிக ஆபத்து.

பயத்தில் கை தானாக பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். ஆக்ஸிலேட்டரை மெல்ல விடுங்கள், ஹேண்டிலை நேராக இறுகப் பிடியுங்கள், வண்டியைத் தானாக வேகம் குறைய விடுங்கள். பிரேக் போட்டே ஆக வேண்டும் என்றால் காற்று இருக்கும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. பின்னால் உட்கார்ந்திருப்பவர் பதறி அசையாமல் இருக்கவேண்டும். இதைக் கிளம்பும் முன்பே அவரிடம் சொல்லி வையுங்கள்.

3. தாரை விட்டு இறங்குங்கள், ஆனால் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்

வண்டியைத் தார்ச் சாலையின் ஓரக் கோட்டுக்கு வெளியே, மண்ணில் நிறுத்துங்கள். வளைவிலோ பாலத்திலோ நிற்காதீர்கள். கொஞ்சம் தள்ளியாவது நேரான இடத்துக்குக் கொண்டுபோங்கள். லாரிக்காரர்கள் வேப்பங்கொப்பை ஒடித்துப் பின்னால் போட்டு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்களும் இருபது முப்பதடி பின்னால், சாலையின் ஓரத்தில் வையுங்கள். கல்லை வைக்க வேண்டாம். போகும்போது கொப்பை எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். இரவு என்றால் பார்க் விளக்கும் இண்டிகேட்டரும் எரியட்டும். நீங்கள் வண்டிக்கும் சாலைக்கும் நடுவில் நிற்கக் கூடாது.

மணலில் சென்டர் ஸ்டாண்ட் புதைந்து வண்டி சாயும். அன்று பக்கத்தில் கிடந்த பனைமட்டைத் துண்டு ஒன்றை ஸ்டாண்டுக்கு அடியில் கொடுத்துத்தான் வண்டியை நிறுத்தினேன். தட்டையான கல்லும் போதும்.

இனி நான் செய்த பெரிய தவறு. இரண்டாவது தடவை பஞ்சரானபோது ஒரு கிலோமீட்டர் தள்ளி மரநிழல் தெரிந்தது. வெயில் தாளாமல், மனைவியை நடந்து வரச் சொல்லிவிட்டு, முதல் கியரில் ஓட்டிக்கொண்டு போனேன். காற்றில்லாத டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுற்றியது. உள்ளே டியூப் அதோடு இழுபட்டு, காற்றடிக்கும் மவுத்து இருக்கும் இடத்திலேயே கிழிந்துவிட்டது. மவுத்து பிடுங்கிய டியூபை ஒட்ட முடியாது. எண்பது ரூபாயில் முடிய வேண்டியது, புது டியூப் வரை போனது. ரிம் நெளிந்திருந்தால் அதற்கு மேலும் ஆகியிருக்கும்.

நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் வண்டியில் ஏறாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்தபடி பக்கத்தில் நடந்து வாருங்கள். சுமை முழுவதையும் இறக்கி இன்னொருவர் கையில் கொடுங்கள். அப்படியும் ஐம்பது, நூறு மீட்டருக்கு மேல் வேண்டாம்.

டியூப்லெஸ் கதை வேறு. ஆணி குத்தியிருந்தும் காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் ஆணியைப் பிடுங்காதீர்கள். அதுதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. காற்றடித்துக்கொண்டு, இருபது முப்பது வேகத்தில் கடை வரை போய்விடலாம்.

4. எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உதவிக்கு யாரைக் கூப்பிட்டாலும் இடம் சொல்ல வேண்டும். ‘ரோட்டுல நிக்கிறேன், ரெண்டு பக்கமும் மரம்’ என்று நான் சொன்னதை வைத்து யாரும் வர முடியவில்லை. கிலோமீட்டர் கல்லைத் தேடுங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. அதில் உள்ள ஊர்ப்பெயரையும் எண்ணையும் அப்படியே படித்துச் சொல்லுங்கள். கல் இல்லாவிட்டால் மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண். நெட் இருந்தால் லொகேஷன் அனுப்புங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கு இலவசமாக அழைக்கலாம். பஞ்சர் ஒட்டித் தரமாட்டார்கள். ஆனால் ஆபத்தான இடத்தில் நிற்கிறீர்கள் என்றால் ரோந்து வண்டிக்குச் சொல்வார்கள். இரவில் பயமாக இருந்தால் தயங்காமல் 112. அடிபட்டிருந்தால் 108.

5. கடையைக் கண்டுபிடிப்பது

மேப்பில் பஞ்சர் கடை என்று தேடினால் நாலைந்து காட்டும். அதில் பாதி மூடிய கடையாக இருக்கும், மீதி லாரி டயர் கடையாக இருக்கும். லாரிக் கடையில் காற்று கிடைக்கும், ஆனால் பைக் டியூபுக்கு ஏற்ற சின்னப் பேட்ச் எப்போதும் இருக்காது. காற்றடிக்கும்போதும் கவனமாக இருங்கள்: லாரிக்கு அடிக்கும் அழுத்தத்தில் ஒரு நொடி கூடுதலாக விட்டாலும் பைக் டியூப் வெடித்துவிடும். மீட்டர் வைத்து அடிக்கச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்து மேப்பைவிட டீக்கடை மேல். டீக்கடையிலோ, வழியில் வரும் வண்டியை நிறுத்தியோ, ‘அண்ணே, பக்கத்துல பஞ்சர் ஒட்டுற கடை எங்க இருக்கு? போன் நம்பர் இருக்குமா?’ என்று கேளுங்கள். கிராமத்தில் யாராவது ஒருவரிடம் மெக்கானிக்கின் நம்பர் இருக்கும். அன்று நான் நிறுத்தியது மீன் பெட்டி கட்டிய டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியில் வந்த ஒரு பெரியவரை. அவர் வண்டியை விட்டு இறங்கி, டயரைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, ‘சக்கரத்தக் கழட்டுங்க தம்பி, நான் கொண்டுபோய் விடுதேன்’ என்றார்.

மெக்கானிக்கைப் போனில் பிடித்தால் ஐந்து விஷயம் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்: என்ன வண்டி, முன் சக்கரமா பின் சக்கரமா, டியூபா டியூப்லெஸ்ஸா, டயர் அளவு, நிற்கும் இடம். ‘டியூப் ஒண்ணும் கையோட எடுத்துட்டு வாங்கண்ணே’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். வந்து பார்த்துவிட்டு டியூப் எடுக்கத் திரும்பிப் போனால் ஒரு மணி நேரம் போய்விடும். எவ்வளவு ஆகும் என்று அப்போதே கேட்டுவிடுங்கள். வந்த பிறகு கேட்பது சங்கடம், அவருக்கும் சரி, உங்களுக்கும் சரி.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலும் இரவு ஒன்பதுக்குப் பிறகும் சிற்றூர்க் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அந்த நேரத்தில் சுங்கச்சாவடி, லாரிகள் நிற்கும் ஓட்டல், பெட்ரோல் பங்க் இவற்றின் பக்கம் கேட்டுப் பாருங்கள். பங்க்கில் காற்று இலவசம்.

6. சக்கரத்தை மட்டும் கழற்றிக் கொண்டுபோவது

மெக்கானிக் வர முடியாத இடத்தில் இதுதான் மலிவான வழி. ஆனால் சென்டர் ஸ்டாண்ட் உள்ள வண்டிக்குத்தான். இல்லாத வண்டியில் சக்கரத்தைக் கழற்ற முயலாதீர்கள். வண்டி விழுந்தால் செலவு பத்து மடங்கு.

கழற்றும் முன் போனில் நான்கைந்து போட்டோ எடுங்கள்: செயின் அட்ஜஸ்டரில் எந்தக் கோட்டில் இருக்கிறது, பிரேக் கம்பி எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது, ஆக்ஸிலில் எந்த வாஷர், எந்தப் புஷ் (ஆக்ஸிலில் கோத்திருக்கும் சின்னக் குழாய்) எந்தப் பக்கம் என்று. கழற்றிய நட்டு, புஷ் எல்லாவற்றையும் கைத்துண்டில் வரிசையாக வையுங்கள். மணலில் ஒரு புஷ் விழுந்துவிட்டால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். டிஸ்க் பிரேக் உள்ள சக்கரம் என்றால், அது வெளியே இருக்கும் வரை அந்த பிரேக்கை யாரும் தொடக் கூடாது. அமுக்கிவிட்டால் பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டு டிஸ்க் உள்ளே நுழையாது.

ஒருவர் வண்டியோடு இருக்க வேண்டும். என் மனைவி தண்ணீர் பாட்டிலோடு பனைநிழலில் உட்கார்ந்திருந்தார். ஆளில்லாத இடத்தில் அவரைத் தனியே விட்டுப் போனது சரியில்லை என்று இன்றும் நினைக்கிறேன். நான் வண்டியோடு இருந்து, அந்தப் பெரியவரோடு சக்கரத்தை மட்டும் அனுப்பியிருக்கலாம். கடைக்காரரோடு போனில் பேசியிருக்கலாம். தனியாக வந்தவர்கள் ஹேண்டில் பூட்டைப் போட்டு, பையை எடுத்துக்கொண்டு, அருகில் வீடு இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

7. கடையில் நிற்கும் அரை மணி நேரம்

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். இங்கேதான் நான் ஏமாந்தேன்.

முதல் கடையில் டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தை உரசி, சொலூஷன் தடவி, பேட்ச் ஒட்டி, இருபத்தைந்து நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தார்கள். எண்பது ரூபாய். பேட்ச்சில் குறை இல்லை. ஆனால் டயரின் உட்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. சீமைக்கருவேல முள் குத்தியதும் வெளியே தெரிகிற பகுதி ஒடிந்துபோகும், நுனி ரப்பருக்குள் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆள் ஏறி உட்கார்ந்து டயர் அமுங்கும்போதெல்லாம் அந்த நுனி உள்ளே எட்டிப் பார்க்கும். ஏர்வாடிக்கு முன்பே அது மறுபடி டியூபைக் குத்திவிட்டது.

இரண்டாவது கடைக்காரர் டியூபைத் தொடவே இல்லை. முதலில் டயரை எடுத்து, பழைய பனியன் துணி ஒன்றைச் சுருட்டி உட்பக்கம் முழுக்க மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் துணி நின்றது. நூல் ஒன்று இழுபட்டது. அங்கே விரல் நகத்தால் நெருடி, குறட்டால் பிடித்து இழுத்தார். அரைப் பருக்கை நீளம், கருத்த நுனி. உள்ளங்கையில் வைத்து நீட்டி, ‘இத எடுக்காம எத்தன பஞ்சர் ஒட்டினாலும் நிக்காது சார்’ என்றார். வெறும் விரலை ஓட்டினால் விரலில் ஏறிவிடும், அதனால்தான் துணி.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: டியூபை உருவும்போது அது டயரில் எந்தத் திசையில் இருந்தது என்று மவுத்தை வைத்து அடையாளம் செய்யச் சொல்லுங்கள். ஓட்டை கிடைத்ததும் டியூபை டயர் மேல் அதே திசையில் வைத்துப் பார்த்தால் முள் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். ஓட்டை இருக்கும் பக்கமும் ஒரு சேதி சொல்லும். தரையைப் பார்த்த பக்கம் என்றால் முள்ளோ ஆணியோ. ரிம்மைப் பார்த்த பக்கம் என்றால் சக்கரக் கம்பியின் முனை. அதை மூடியிருக்கும் ரிம் டேப் உள்ளே அறுந்திருக்கும், புதிதாகப் போடச் சொல்லுங்கள், விலை சொற்பம். பாம்பு கடித்ததுபோல் இரண்டு சின்ன வெட்டு அருகருகே இருந்தால் காற்று குறைவாக வைத்துக் குழியில் இறக்கியிருக்கிறீர்கள்.

தொட்டியில் அமுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். நேர்மையான கடைக்காரர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். சில இடங்களில் ஒரு ஓட்டை நாலு ஓட்டையாவது இந்தத் தொட்டியில்தான். டீ குடிக்க அனுப்பினால் பிறகு குடிக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஒட்டிய பிறகு இன்னொரு முறை காற்றடித்து முழு டியூபையும் சுற்றிச் சுற்றி அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். மவுத்தின் அடியையும் சேர்த்து.

பஞ்சர் தடுக்கும் திரவம் ஏற்கெனவே ஊற்றியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பிசின் துடைத்துக் காயாமல் பேட்ச் ஒட்டாது.

டியூப்லெஸ் டயருக்கு வேலை குறைவு. ஆணியைப் பிடுங்கி, அரம் போன்ற ஊசியால் ஓட்டையைச் சொரசொரப்பாக்கி, பிசினில் தோய்த்த ரப்பர் திரியைச் செருகி, வெளியே நீட்டும் பகுதியை வெட்டிவிடுவார்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. ஆணி எந்தச் சாய்வில் போயிருக்கிறதோ அதே சாய்வில் ஊசியை விட வேண்டும். கையில் கிட் இருந்தால் நீங்களே செய்யலாம், வீட்டில் பழைய டயரில் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். முடிந்ததும் எச்சிலோ சோப்புத் தண்ணீரோ தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். பக்கவாட்டுச் சுவரில் கிழிந்திருந்தால் திரி போடவே கூடாது. நூறு ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். அந்தச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து விரிகிற இடம். வேகத்தில் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கையில் ரொக்கம் இல்லை, நெட் இல்லை என்றால் ஆர்.சி.யையோ உரிமத்தையோ அடமானமாக வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஊரிலிருந்து யாரையாவது கடைக்காரரின் நம்பருக்குப் பணம் போடச் சொல்லுங்கள், வந்த பிறகு கிளம்புங்கள்.

8. சக்கரம் மாட்டியதும், கிளம்பும் முன்

அவசரப்படும் நேரம் இது. இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ஆக்ஸில் நட்டு இறுகியிருக்கிறதா, நட்டு கழலாமல் தடுக்கும் ஊசி (பின்) இருந்தால் போட்டாயிற்றா, பிரேக் கம்பியும் பிரேக் தட்டைப் பிடிக்கும் கம்பியின் நட்டும் மாட்டியாயிற்றா என்று பாருங்கள். செயின் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். எடுத்த போட்டோவை வைத்து ஒப்பிடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு எங்காவது உரசுகிறதா என்று கேளுங்கள். பிரேக்கை நின்ற இடத்திலேயே நாலைந்து முறை அமுக்குங்கள். டிஸ்க் பிரேக் முதல் அமுக்கில் பிடிக்காது.

காற்று எவ்வளவு என்பதற்கு ஊகம் வேண்டாம். செயின் கவரிலோ பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையிலோ (ஸ்விங் ஆர்ம்) ஒரு ஸ்டிக்கர் இருக்கும். நூறு, நூற்றைம்பது சிசி வண்டிகளில் தனியாகப் போகும்போது முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு மட்டும் கூட்டி எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து அடியுங்கள். மவுத்து நேராக நிற்கிறதா, மூடி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்திருந்தால் டியூப் உள்ளே முறுக்கியிருக்கிறது என்று பொருள், அது கொஞ்ச தூரத்தில் பிடுங்கிக்கொள்ளும்.

ஐந்து கிலோமீட்டர் மெதுவாகப் போய், ஒரு நிழலில் நிறுத்தி டயரை அமுக்கிப் பாருங்கள். கடை பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிட்டால் திரும்பிப் போகலாம்.

9. ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டால்

டயர் கிழிந்திருந்தால், சிற்றூரில் கிடைக்கும் அளவா என்று கேளுங்கள். சாதாரண வண்டிகளின் டயர் தாலுகா ஊர்களில் கிடைத்துவிடும். பெரிய பைக் டயர் மாவட்டத் தலைநகரிலும் சில நேரம் இருக்காது. சின்னக் கிழிசல் என்றால், பழைய டியூபில் தடிமனான துண்டு ஒன்றை வெட்டி உட்பக்கம் கொடுத்து, அடுத்த பெரிய ஊர் வரை மெதுவாகப் போகலாம். அவ்வளவுதான், அப்படியே சொந்த ஊர் வரை ஓட்டக் கூடாது.

ஏற்றித்தான் போக வேண்டும் என்றால் லோடு ஆட்டோ, இல்லையென்றால் குட்டி யானை. போக வர இரண்டு பக்கத் தூரத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை சொல்வார்கள். ஏற்றுவது, கட்டுவது, இறக்குவது எல்லாம் சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்கள். கயிற்றை ஹேண்டிலின் இரண்டு பக்கமும் கட்டி, வண்டியை நிமிர்ந்த நிலையில் இறுக்கச் சொல்லுங்கள். சைடு ஸ்டாண்டை நம்பிக் கட்டினால் முதல் குழியிலேயே சாயும்.

ரொம்ப தூரம் என்றால் ரயிலில் அனுப்பலாம். நீங்கள் அதே ரயிலில் போனால் லக்கேஜ், போகாவிட்டால் பார்சல். ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்கள், உங்கள் அடையாள அட்டை வேண்டும். டேங்க்கில் பெட்ரோல் சொட்டுகூட இருக்கக் கூடாது. சாக்கு சுற்றிக் கட்டித் தருபவர்கள் ஸ்டேஷன் வாசலிலேயே இருப்பார்கள். அதற்குக் கூலி தனி. எல்லா ஸ்டேஷனிலும் பார்சல் ஏற்ற மாட்டார்கள், ரயில் அங்கே எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. விசாரித்துவிட்டு வண்டியைக் கொண்டுபோங்கள்.

அன்றே எதுவும் முடியாது என்றால் பஸ் ஸ்டாண்ட் அல்லது ரயில் நிலைய வண்டி ஸ்டாண்டில் டோக்கன் வாங்கிப் போட்டுவிட்டு, லாட்ஜில் தங்கிவிடுங்கள். இருட்டில் தெரியாத ரோட்டில் அரைகுறை டயரோடு போக வேண்டாம்.

10. எனக்கு ஆன செலவு

எக்ஸெல்காரப் பெரியவருக்குப் பெட்ரோலுக்கு 100 ரூபாய். வாங்க மறுத்தார், பாக்கெட்டில் வைத்துவிட்டு வந்தேன். முதல் பஞ்சர் 80. லோடு ஆட்டோ 500. புது டியூப் 350. கழற்றி மாட்டிய கூலி 150. மொத்தம் 1,180. ஊருக்கு ஊர் இது மாறும், ஆள் வண்டியிருக்கும் இடத்துக்கு வந்தால் கூலி மூன்று நான்கு மடங்கும் ஆகலாம். வெயிலில் வந்து மண்ணில் உட்கார்ந்து செய்கிற வேலை அது. அதில் பேரம் பேசாதீர்கள்.

நேரம்: டியூப் டயருக்குக் கடையில் அரை மணியிலிருந்து முக்கால் மணி. டியூப்லெஸ் பத்துப் பதினைந்து நிமிடம். உங்கள் நேரத்தைச் சாப்பிடுவது ஒட்டுகிற வேலை இல்லை, கடையைத் தேடுவதும் போய் வருவதும்தான்.

11. ஊர் திரும்பியதும்

வழியில் ஒட்டிய டயரை வழக்கமான கடையில் ஒருமுறை கழற்றிக் காட்டுங்கள். அவசரத்தில் டயரை நெம்பும் லீவர் டியூபை நெருடியிருக்கலாம், ரிம் டேப் விலகியிருக்கலாம். டியூப்லெஸ் டயரில் திரி போட்டிருந்தால், நெடுந்தூரம் போகிறவர்கள் உட்பக்கமிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ரப்பர் ஒட்டு) போட்டுக்கொள்வது நல்லது. உபயோகித்த டியூபுக்குப் பதில் புதியது ஒன்று வாங்கி, முகப்பவுடர் தூவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி சீட்டுக்கு அடியில் வையுங்கள். ஸ்பேனரின் கூர்முனை அதில் படாமல் பனியன் துணியைச் சுற்றிவிடுங்கள். அந்தத் துணிதான் அடுத்த முறை டயருக்குள் ஓட்டவும் வேண்டும்.